மூன்றாம் வகுப்பு வரைந்த மலை

எங்க நாணல்கோட்டகத்துக்கு மலை வந்தது புரட்டாசி மாசத்துல ஒரு வெள்ளிக்கிழமை. அதுக்கு முந்தின நாள் பொழுது சாயுற வரைக்கும் எங்க ஊர்ல உசரமானதுன்னா பஞ்சாயத்துத் தண்ணி டேங்க்தான், அதுக்கு அடுத்தபடி ரைஸ்மில் புகைபோக்கி, அதுக்கும் அடுத்தபடி எங்க ஹெட்மாஸ்டர் பக்கிரிசாமி சார், மத்தபடி கண்ணுக்கெட்டுன தூரம் வயலு, வயலுக்கு நடுவுல வாய்க்கா, வாய்க்கா ஓரம் காட்டாமணக்கு, அதுக்கு அந்தாண்ட இன்னும் வயலு, அதுவும் முடிஞ்ச பிற்பாடு கடலு. காவேரி எங்கயோ பொறந்து எத்தனையோ ஊருக்குப் பாய்ஞ்சு கடைசியா எங்ககிட்ட வந்து சேரும்போது அதுக்கே சலிச்சுப் போயிருக்கும். சைக்கிள்ல போறவன் மிதிக்காம உருண்டு போக ஒரு சரிவுகூட இல்லாத ஊரு எங்க ஊரு.

நான் அந்த ஊர் ஆரம்பப் பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கிறவ. பேரு கோமளா, பிள்ளைங்களுக்கு ஆயாம்மா. மலை எப்படி வந்துச்சுன்னு கார் வச்சுக்கிட்டு வந்து கேட்டவங்க, மைக்கை வாய்க்குள்ளயே விட்டுக் கேட்டவங்க எல்லாருக்கும் நான் சொன்னது ஒரே பதில்தான்: மூணாங்கிளாஸ் பிள்ளைங்க வரைஞ்சுதுங்க, வந்துருச்சு. அதுக்கு மேலயும் தோண்டித் துருவுனா எனக்கு அடுப்புல வேலை இருக்குன்னு எழுந்து போயிருவேன்.

படம் சொல்லிக்குடுக்கிற தில்லைநாயகி டீச்சர் எங்க பள்ளிக்கூடத்துக்கு வியாழக்கிழமை மட்டும் வருவாங்க, மத்த நாள் வேற ஊர்ப் பள்ளிக்கூடம், பஸ்ஸு மாறிப் பஸ்ஸு மாறி வந்து இறங்கும்போதே பாதி உசுரு போயிருக்கும், இருந்தாலும் மீதி உசுரை வச்சு நல்லா நடத்துவாங்க. அன்னிக்கு அவங்க கையில ஒரு டப்பா. சிங்கப்பூர்ல இருக்கிற யாரோ பள்ளிக்கூடத்துக்குன்னு அனுப்பிச்சது, சாக் பேஸ்டல்னு பேராம், பார்த்தா நம்ம கலர் சாக்பீஸ்தான், ஆனா தொட்டா விபூதி மாதிரி விரல்ல அப்பிக்கும். பிள்ளைங்களைச் சுத்தி உட்கார வச்சு, குச்சியைப் படுக்கப்போட்டு லேசா இழுக்கணும், அழுத்தக் கூடாது, ஒரு கலர் மேல இன்னொரு கலரை வச்சு விரல் நுனியால தேய்ச்சு விட்டா ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போயிரும், தூளு விழுந்தா வாயால ஊதக் கூடாது, தாளை நிமித்திப் பின்னால தட்டணும், முடிச்ச படத்தை யாரும் தொடவே கூடாது, தொட்டா தொட்டவன் கையோட வந்துரும்னு ஒண்ணொண்ணா சொல்லிக்குடுத்தாங்க. அப்புறம் ஜன்னல் கதவைத் தொறந்து விட்டு, "வெளியில என்ன தெரியுதோ அதை நல்லாப் பாருங்க, பார்த்ததை அப்படியே வரைங்க, இதுதான் இன்னிக்கு இயற்கைக் காட்சி"ன்னாங்க.

பிள்ளைங்களும் பார்த்துச்சுங்க. குத்தம் சொல்லக் கூடாது, நல்லாவே பார்த்துச்சுங்க. காட்டாமணக்கு ஊதாவாப் பூத்துக் கிடந்துச்சு, வாய்க்கால்ல கொக்கு ஒத்தக்கால்ல நின்னுச்சு, கருவேல மரத்துல ஓணான் தலையை ஆட்டிக்கிட்டு இருந்துச்சு. எல்லாத்தையும் கண்ணை விரிச்சுப் பார்த்துட்டுத் தலையைக் குனிஞ்சு, இருபத்திச் சொச்சம் பிள்ளைங்களும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமலே, பக்கத்துப் பக்கத்துல ரெண்டு முக்கோண மலை, நடுவுல பாதிச் சூரியன், மலையிலேருந்து இறங்கி வளைஞ்சு வர்ற ஆறு, ஆத்தங்கரையில ஒரு குடிசை, குடிசைக்குப் பக்கத்துல சாய்ஞ்ச தென்னை மரம், வானத்துல தலையும் காலும் இல்லாத அஞ்சாறு பறவைன்னு வரைஞ்சு முடிச்சுதுங்க.

டீச்சர் ஒவ்வொரு தாளா எடுத்துப் பார்த்தாங்க. "எங்கடா இருக்கு மலை?"ன்னு கபிலேஷைக் கேட்டாங்க. அவன்தான் வகுப்புக்கு லீடர்.

"வெளியில இல்ல டீச்சர்."

"பின்ன எதுக்குடா போட்ட?"

"இயற்கைக் காட்சின்னா மலை வரும்ல டீச்சர்," அப்படின்னான் அவன், டீச்சருக்கே தெரியலையேன்னு ஒரு வருத்தத்தோட.

டீச்சர் அடுத்த தாளை எடுத்தாங்க. அவங்களும் டிராயிங் பரீட்சையில அதைத்தான் வரைஞ்சு பாஸ் பண்ணியிருப்பாங்க, வாயைத் தொறந்து என்ன சொல்ல முடியும்.

நிகல்யா படத்துல மட்டும் குடிசை வாசல்ல ஒரு பொம்பளை நின்னா. பச்சைப் புடவை, கறுப்புக் கொண்டை, மூஞ்சி மட்டும் இல்ல, அந்த எடத்துல தாளோட பழுப்பு அப்படியே விட்டிருந்துச்சு. இயற்கைக் காட்சியில ஆளு வராதுன்னு பக்கத்துல இருந்ததுங்க கேலி பண்ணுச்சுங்க. டீச்சர் குனிஞ்சு யாருன்னு கேட்டதுக்கு, "அம்மா"ன்னுச்சு. மூஞ்சி எங்கன்னு கேட்டதுக்கு, "போட்டா தப்பா வந்துரும் டீச்சர்"ன்னுச்சு.

அவ அம்மா அமுதவல்லி செத்து ரெண்டு வருசம் ஆவுது. நாத்துப் பறிக்கப் போன எடத்துல பாம்பு கடிச்சு ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள போயிட்டா. வீட்டுல மாலை போட்டு மாட்டியிருக்கிற போட்டோ ஆதார் கார்டுல இருந்ததைப் பெருசு பண்ணுனது, அதுல அவ யாரோ அதட்டி உட்கார வச்ச மாதிரி முழிச்சுக்கிட்டு இருப்பா. பிள்ளைக்கு அந்த மூஞ்சி வேணாம், வேற மூஞ்சி ஞாபகத்துல நிக்கல, அதனால வெறுமனே விட்டுருச்சு. டீச்சர் நல்லாயிருக்குன்னு சொல்லிட்டுத் தாளையெல்லாம் அலமாரியில அடுக்கிப் பூட்டிட்டுப் பஸ்ஸுக்குப் போயிட்டாங்க.

விடிஞ்சு பார்த்தா ஊருக்குக் கிழக்கே பொறம்போக்குல மலை நிக்குது. ரெண்டு. பழுப்புக் கலரு, உச்சி கூரா, அடி அகலமா. நடுவுல மஞ்சள் கலர்ல பாதிச் சூரியன் மாட்டிக்கிட்டு நின்னுச்சு, நம்ம நெசச் சூரியன் அது பாட்டுக்கு அதுக்குப் பின்னாலேருந்து ஏறி, தலைக்கு மேல வந்து, மேற்க போயிட்டுது, இந்தப் பாதி மட்டும் ஏறவும் இல்ல இறங்கவும் இல்ல. வானத்துல அஞ்சாறு பறவை ஒரே எடத்துல நின்னுச்சு. நீல ஆறு ஒண்ணு மலையிலேருந்து வளைஞ்சு வந்து எங்க வாய்க்காலோட முட்டுச்சு, தண்ணி வந்துருச்சுன்னு மம்புட்டியோட ஓடுனவங்க கையை விட்டுப் பார்த்துட்டு நீலக் கையோட திரும்பி வந்தாங்க. எல்லாப் பிள்ளைங்களும் ஒரே படத்தை வரைஞ்சது நல்லதாப்போச்சுன்னு பக்கிரிசாமி சார் சொன்னாரு, ஆளுக்கொண்ணு வரைஞ்சிருந்தா மலைங்களுக்கு எடம் எங்க இருக்கு ஊர்லன்னாரு.

ஊரு அதை எடுத்துக்கிட்ட விதத்தைச் சொல்லணும். முதல் நாள் எல்லாரும் நின்னு பார்த்தோம். ரெண்டாம் நாள் வி.ஏ.ஓ. வந்து மலை எந்தச் சர்வே நம்பர்ல வருதுன்னு சங்கிலி பிடிச்சு அளந்துட்டு, சாயங்காலம் ஒரு டீ குடிச்சுட்டுப் போனாரு. அதுக்குள்ள கீழத்தெரு இளவட்டங்க வடக்கு மலை உச்சியில வேல் நட்டுட்டானுங்க. மேலத்தெருக்காரன் சும்மா இருப்பானா, அவன் தெக்கு மலையில அதைவிட ஒரு முழம் நீளமா ஒரு வேல் நட்டான். ரெண்டு மலைக்கும் ரெண்டு கமிட்டி, ரெண்டு உண்டியல், ரெண்டு ஸ்பீக்கர் செட்டு. பௌர்ணமிக்குக் கிரிவலம் வச்சாங்க, சுத்தி வந்த சனம் அத்தனையும் முழங்கால் வரைக்கும் பழுப்பாத் திரும்பி வந்துச்சு, அதைத் துடைக்கக் கூடாது, பிரசாதம்னு சொல்லி நெத்தியில எடுத்து வச்சுக்கிட்டாங்க. மேயப் போன வெள்ளாடெல்லாம் செவலையா வீடு வந்துச்சு. துணி வெளுக்கிறவங்கதான் அந்த மாசம் பூரா எங்களைத் திட்டித் தீர்த்தாங்க.

குடிசை வாசல்ல அமுதவல்லி நின்னா. அதையும் சொல்லியாகணும். பச்சைப் புடவை, கொண்டை, நிஜ ஆளு உசரம், மூஞ்சி மட்டும் கிடையாது. அசைய மாட்டா, பேச மாட்டா. முதல்ல பார்த்தவங்களுக்குக் கொஞ்சம் ஒரு மாதிரியா இருந்துச்சு, அப்புறம் பழகிப்போச்சு, களையெடுக்கப் போற பொம்பளைங்க அந்தப் பக்கம் போகும்போது, "என்ன அமுதா, வெயில்ல நிக்கிற, உள்ள போயேன்"னு வாய் தவறிச் சொல்லிட்டுப் போவாங்க. நானே ஒரு நாள் சொல்லியிருக்கேன்.

நிகல்யா தெனம் பள்ளிக்கூடம் விட்டதும் பையோட அங்க போயிரும். வாசலுக்கு எதிர்ல ஒரு எட்டு தள்ளி உட்கார்ந்துக்கும். வீட்டுப்பாடம் எழுதும், வாய்ப்பாடு ஒப்பிக்கும், அன்னிக்கு முட்டை போட்டாங்களா கொண்டக்கடலை போட்டாங்களான்னு கதை சொல்லும். ஒரு நாளும் தொட்டது கிடையாது. வகுப்புல டீச்சர் என்ன சொன்னாங்களோ அதை அப்படியே பிடிச்சுக்கிட்டுச்சு, முடிச்ச படத்தைத் தொடக் கூடாது. மத்த பிள்ளைங்க விளையாட்டுக்குக்கூடக் கிட்ட போயிரக் கூடாதுன்னு குச்சி வச்சுத் தரையில ஒரு கோடு போட்டு வச்சிருந்துச்சு.

அடுத்த வியாழக்கிழமை டீச்சர் வந்து, இந்தத் தடவை பிள்ளைங்களை வெளியிலயே கூட்டிக்கிட்டுப் போய் வாய்க்காக் கரையில உட்கார வச்சு, எதிர்ல தெரியுறதை வரையச் சொன்னாங்க. எதிர்ல தெரிஞ்சது ரெண்டு மலை, பாதிச் சூரியன், ஆறு, குடிசை, தென்னை. பிள்ளைங்க அப்படியே வரைஞ்சுதுங்க. டீச்சரால ஒரு மார்க்குகூடக் குறைக்க முடியல. அதுல சிலதுங்க ஆசைக்கு ஒரு ஐஸ் வண்டி, ஒரு ஜேசிபின்னு சேர்த்துப் போட்டுச்சுங்க, மறுநாள் ஒண்ணும் வரல. நிகல்யா அவங்க சொந்த வீட்டையே வரைஞ்சு அது வாசல்ல அம்மாவை நிறுத்தியிருந்துச்சு. விடிகாலையில எழுந்து வாசக்கதவைத் தொறந்து பார்த்துச்சாம், கோழிதான் நின்னுச்சாம். ஒரு தடவைக்குத்தான் அந்த டப்பா போலருக்கு.

அப்புறம்தான் கல்யாணப் பேச்சு கிளம்புச்சு. நிகல்யா அப்பன் சிங்காரவேலு டிராக்டர் ஓட்டுறவன், நல்ல பையன், குடி கிடையாது. மலை வர்றதுக்கு முன்னாலயே அவனுக்கு நீடாமங்கலத்துப் பக்கம் தனக்கொடின்னு ஒரு பொண்ணைப் பேசி, ஐப்பசியில வைக்கலாம்னு முடிவாகியிருந்துச்சு. கட்டுனவன் விட்டுட்டுப் போனவ, ஜவுளிக்கடையில புடவை எடுத்துப் போடுற வேலை. இப்ப தெருப் பஞ்சாயத்துல ஒருத்தர் எழுந்து, முதல் சம்சாரம் ஊர்ல நிக்கும்போது ரெண்டாவது கட்டுறது முறையான்னு ஒரு கேள்வியைப் போட்டுட்டாரு. அவ செத்துப்போனவய்யான்னாங்க. செத்தா என்ன, நிக்கிறாள்லன்னாரு. பக்கிரிசாமி சார் தலையில அடிச்சுக்கிட்டு, "அது சாக்பீஸ்யா"ன்னாரு. சாக்பீஸ் மலைக்குத்தானே சார் நீங்களும் தேங்காய் உடைச்சீங்கன்னு கேட்டதும் அவரு துண்டை உதறிக்கிட்டு எழுந்து போயிட்டாரு. கடைசியில, கல்யாணம் பண்ணிக்கலாம், ஆனா மாப்பிள்ளை ஊர்வலம் கிழக்கால போகக் கூடாதுன்னு தீர்ப்பாச்சு.

ஊரு பூரா போய்ப் பார்த்தாச்சு, பக்கத்து ஜில்லாவுலேருந்து வேன் பிடிச்சு வந்து பார்த்துட்டுப் போனாங்க, சிங்காரவேலு மட்டும் அந்தப் பக்கம் டிராக்டரைக்கூடத் திருப்பல. ஏன்டா தம்பின்னு நான் கேட்டதுக்கு, "அறுப்பு நேரம்க்கா, வேலை இருக்கு"ன்னான். எனக்குக் கோவம்தான் வந்துச்சு, ஆனா அவன் கண்ணைப் பார்த்ததும் விட்டுட்டேன்.

தனக்கொடிதான் தானா ஒரு நாள் பஸ் ஏறி வந்தா. நேரா என்கிட்ட வந்து, "அக்கா, நான் அவங்களைப் பார்க்கணும், கூட வர்றீங்களா?"ன்னா. கூட்டிக்கிட்டுப் போனேன். நிகல்யா கோட்டுக்கு அந்தாண்ட உட்கார்ந்து எழுதிக்கிட்டு இருந்துச்சு, தலையைத் தூக்கல. தனக்கொடி கோட்டைப் பார்த்தா, அதைத் தாண்டாம இந்தாண்டயே உட்கார்ந்தா. ரொம்ப நேரம் அந்தப் புடவையையே பார்த்துட்டு, கடையில நிக்கிற பழக்கமோ என்னவோ, "ஏம்மா, கரை போடாம விட்டுட்ட?"ன்னு கேட்டா.

நிகல்யா எழுதிக்கிட்டே, "கரைக்கு மஞ்சள் இல்ல. எல்லாருமா சூரியனுக்குத் தீர்த்துட்டாங்க"ன்னுச்சு.

"பரவால்ல, கரை இல்லாத புடவையும் உண்டு. எங்க கடையில வருது."

அன்னிக்கு அவ்வளவுதான் பேச்சு. மறுவாரமும் தனக்கொடி வந்து அதே எடத்துல உட்கார்ந்துட்டுப் போனா.

ஐப்பசி பொறந்துச்சு. வானம் மூடிக்கிட்டு நிக்க ஆரம்பிச்சுது. எங்களுக்கெல்லாம் நெல்லு நனையுமேன்னு கவலை, கமிட்டிக்காரங்களுக்கு உண்டியல் கவலை, நிகல்யாவுக்கு ஒரே கவலை. வியாழக்கிழமை டீச்சர் பஸ்ஸை விட்டு இறங்குற எடத்துலயே போய் நின்னுக்கிட்டு, "மழை வந்தா அம்மா கரைஞ்சிருமா டீச்சர்?"னு கேட்டுச்சு.

தில்லைநாயகி டீச்சர் பிள்ளைங்ககிட்டப் பொய் சொல்லாதவங்க. "கரைஞ்சிரும் கண்ணு"ன்னாங்க.

அது அழல. "என்ன பண்ணுனா கரையாது?"ன்னுச்சு. டீச்சர் கொஞ்சம் யோசிச்சு, நாங்க படிக்கிறப்ப கலரை ஒட்ட வைக்கிற மருந்து வாங்கக் காசு இல்லாதவங்க பாலைத்தான் அடிப்போம்னாங்க. ஆடை நீக்குன பாலு, அதுல பாதிக்குப் பாதி தண்ணி, சலூன்ல தலைக்கு அடிக்கிற பாட்டில்ல ஊத்தி, தூர நின்னு, பனி விழுற மாதிரி லேசா, காய விட்டுக் காய விட்டு நாலஞ்சு தடவை அடிச்சா தூளு தாளோட ஒட்டிக்கும், அப்புறம் தொட்டாலும் வராது, கொஞ்சம் தண்ணி பட்டாலும் தாங்கும். சனிக்கிழமை நானே வர்றேன், ரெண்டு பேருமா அடிச்சிரலாம்னு பிள்ளை தலையைத் தடவிக்குடுத்தாங்க. நிகல்யா அன்னிக்கு ரெண்டு கரண்டி சோறு கூடுதலா வாங்கிச் சாப்பிட்டுச்சு.

இதுல நான் ஒரு காரியம் பண்ணேன், பண்ணாம இருக்க முடியல. பிள்ளைக்காகப் பால் வேணும்னு கீழத்தெருவுல ரெண்டு வீட்டுல சொல்லி வச்சேன், எதுக்குன்னு கேட்டாங்க, மலை கரையாம இருக்கப் பால்தான் மருந்தாம், டீச்சர் சொன்னாங்கன்னேன். பொழுது போறதுக்குள்ள ரெண்டு கமிட்டிக்கும் சேதி போயிருச்சு. பாலுன்னு கேட்டதும் அவங்களுக்கு வேற என்ன தோணும்? பாட்டிலா தோணும்? சனிக்கிழமை பால்குடம்னு ரெண்டு ஸ்பீக்கர்லயும் அறிவிச்சுட்டாங்க.

சனிக்கிழமை காலையில மஞ்சள் புடவை கட்டுன பொம்பளைங்க கீழத்தெருவுலேருந்து ஒரு வரிசை, மேலத்தெருவுலேருந்து ஒரு வரிசை, தலையில குடம், முன்னால மேளம். நம்மதைவிட அவன் குடம் கூட இருந்துரக் கூடாதுன்னு ஊர்ல இருந்த மாட்டைப் பூரா கறந்தாச்சு, டவுன் கடைப் பால் பாக்கெட் பூரா வந்து இறங்கியாச்சு, டீக்கடையில அன்னிக்குக் கருப்பட்டிக் காப்பிதான். டீச்சர் பஸ்ஸை விட்டு இறங்கி இதைப் பார்த்துட்டு, சலூன் பாட்டிலைக் கையில பிடிச்சுக்கிட்டு மலை அடிவாரத்துக்கு ஓடுனாங்க. "ஊத்தாதீங்க, தெளிக்கணும், தெளிக்கணும்"னு கத்துனாங்க. ரெண்டு ஸ்பீக்கர்லயும் ரெண்டு சாமி பாட்டு, யாருக்குக் கேக்கும்? கமிட்டிக்காரர் ஒருத்தரு டீச்சரைப் பார்த்துக் கும்பிட்டு, "உங்க புண்ணியம்மா"ன்னுட்டு மேல ஏறுனாரு.

குடம் குடமா உச்சியிலேருந்து கவுத்தாங்க. பால் வெள்ளையா இறங்குச்சு, இறங்குன தடத்துல மலை பழுப்பாக் கூடவே இறங்குச்சு. வடக்கு மலையில வாய்க்கா வாய்க்காலாக் கோடு விழுந்துச்சு. தெக்கு மலையில உச்சியே சரிஞ்சு வேல் பாதி தூரம் வழுக்கி வந்து நின்னுச்சு. சாமி ஏத்துக்கிட்டாருன்னு கீழேருந்து ஒருத்தர் சொன்னாரு, அப்புறம் எல்லாரும் அதையே சொன்னாங்க.

டீச்சரும் நிகல்யாவும் குடிசைகிட்ட வெறும் பாட்டிலோட நின்னாங்க. ஒரு டம்ளர் பால் போதும். நான் வீடு வீடாப் போனேன். எல்லா வீட்டுலயும் குடம் போனதுதான் போனது. வெள்ளாட்டையாவது பீச்சுவோம்னு போனா அதையும் மேலத்தெருக்காரன் விடிகாலையிலயே பீச்சிக்கிட்டுப் போயிருந்தான். டவுனுக்குப் போய்ப் பால் பவுடர் வாங்கலாம்னா திருவிழாக் கூட்டத்துல அதுக்கப்புறம் பஸ்ஸு ஊருக்குள்ளயே வரல. நான் வெறுங்கையோட திரும்பி வந்து நிகல்யா மூஞ்சியைப் பார்க்க முடியாமத் தரையைப் பார்த்துக்கிட்டு நின்னேன். மதியம் தாண்டுச்சு, வானம் கறுத்துக்கிட்டே வந்துச்சு. சாப்பிட வாடின்னா வர மாட்டேன்னுருச்சு.

முதல் தூத்தல் விழும்போது தனக்கொடி வந்தா, பால்குடம் பார்க்க அவங்க ஊர் வேன்ல வந்தவ. வந்தவ எங்களைப் பார்த்தா, வானத்தைப் பார்த்தா, செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு வரப்புல ஓட ஆரம்பிச்சா. எங்க ஓடுறான்னு எங்களுக்குத் தெரியல. கொஞ்ச நேரத்துல சிங்காரவேலு டிராக்டர் சத்தம் கேட்டுச்சு. நெல்லுக் குமிச்சு வச்ச எடத்துலேருந்து தார்ப்பாயை உருவிக்கிட்டு, பக்கத்துல தனக்கொடியை உட்கார வச்சுக்கிட்டு, அத்தனை நாளா வராதவன் கிழக்கால வந்தான். நெல்லு நனையுதேடான்னு கத்துனவங்களுக்கு அவன் திரும்பிக்கூடப் பார்க்கல.

தார்ப்பாயை விரிச்சு நாலு முனையை நாலு பேரு பிடிச்சோம். ஒண்ணு சிங்காரவேலு, ஒண்ணு தனக்கொடி, ஒண்ணு டீச்சர், ஒண்ணு நான். அமுதவல்லிக்கு மேல கூரை மாதிரி தூக்கிப் பிடிச்சுக்கிட்டோம், நிகல்யா அடியில நின்னுச்சு. அப்புறம் கொட்டுச்சு பாரு மழை. வடக்கு மலை இருந்த எடத்துல பழுப்புத் தண்ணி, பாதிச் சூரியன் சொட்டுச் சொட்டா ஆத்துல விழுந்து ஆறு ஒரு மாதிரி கலங்குச்சு, தென்னை மரம் மட்டையிலேருந்து கீழ்ப்பக்கமா ஒழுகிப்போச்சு, பறவைங்க எப்ப போச்சுன்னு யாரும் பார்க்கல. ஸ்பீக்கர் நின்னுட்டுது. தார்ப்பாய்க்கு அடியில ஒரு சொட்டு விழல.

சிங்காரவேலு அப்பதான் அங்க நின்ன அமுதவல்லியை முதல் தடவையாப் பார்த்தான். அழுதான். மழையில தெரியலன்னு நான் சொல்ல மாட்டேன், அங்கதான் மழையே விழலையே, நல்லாவே தெரிஞ்சுது. மூஞ்சி இல்லாத அந்த எடத்தைப் பார்த்துக்கிட்டே அழுதான். தனக்கொடி அவனைப் பார்க்காம தன் முனையை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சா.

ஆனா எங்க ஊர்ல மழை மேலேருந்து மட்டும் வராது, கீழேருந்தும் வரும். தட்டையான ஊரு, விழுந்த தண்ணி எங்க போவும்? கொஞ்ச நேரத்துல எங்க காலைச் சுத்தித் தண்ணி நின்னுச்சு. அமுதவல்லி புடவை அடியில ஈரம் ஏறுச்சு, பச்சை கரைஞ்சு தண்ணியில கோடாப் போச்சு. நிகல்யா குனிஞ்சு கையால மண்ணை அள்ளி அள்ளி அணை கட்டுச்சு, கட்டக் கட்டத் தண்ணி ஏறுச்சு. முழங்கால் வரைக்கும் புடவை போயிருச்சு. எனக்குக் கை ரெண்டும் மேல மாட்டிக்கிட்டு இருக்கு, ஒண்ணும் பண்ண முடியல.

"கண்ணு, போதும், கட்டிக்க"ன்னா தனக்கொடி.

நிகல்யா நிமிர்ந்து பார்த்துச்சு. "தொட்டா அழிஞ்சிரும்."

"தொடலன்னாலும் அழியத்தான் போவுது. தண்ணி கொண்டுட்டுப் போறதுக்கு நீ கொண்டுட்டுப் போ."

அது டீச்சரைப் பார்த்துச்சு. அந்த நேரத்துலயும் டீச்சர் டீச்சர்தானே, "தேய்க்காதடி. ஒத்தி எடு"ன்னாங்க.

நிகல்யா மண்ணுக் கையைப் பாவாடையில துடைச்சுக்கிட்டு, இத்தனை நாளும் தள்ளி உட்கார்ந்த அந்த ஒரு எட்டையும் தாண்டிப் போய், ரெண்டு கையையும் விரிச்சு அம்மாவைக் கட்டிக்கிட்டுச்சு. கன்னத்தை வயித்துல வச்சு அழுத்திக்கிட்டுச்சு. அசையவே இல்ல. ரொம்ப நேரம் கழிச்சுப் பின்னால நகர்ந்தப்ப அங்க ஒண்ணும் இல்ல, குடிசையும் இல்ல, வெறும் மழைத் தண்ணிதான் நின்னுச்சு. பிள்ளை கழுத்துலேருந்து முழங்கால் வரைக்கும் பச்சையா இருந்துச்சு. உள்ளங்கை ரெண்டும் பச்சை, கன்னத்துல கொஞ்சம் பச்சை.

மழை விடுற மாதிரி தெரியல. யாரும் யாருக்கும் சொல்லல, நாலு பேரும் முனையை விடாமலே நடக்க ஆரம்பிச்சோம், நடுவுல நிகல்யா, கையை உடம்புல படாம விரிச்சுக்கிட்டு. வரப்பு ஒத்தையடி, நாலு பேருல ரெண்டு பேரு வயல்ல இறங்கித் தொடை அளவு சேத்துல நடந்தோம், ஒருத்தர் வழுக்குனா மூணு பேரும் நின்னு, மறுபடி சேர்ந்து எட்டு வச்சோம். மலை போன துக்கத்துல தெருவோரம் நின்ன ரெண்டு கமிட்டிக்காரங்களும் வழி விட்டு ஒதுங்குனாங்க. ஒரு சொட்டு அவ மேல படல. அதுல எனக்கு இன்னிக்கு வரைக்கும் கர்வம் உண்டு.

வீட்டுக்குள்ள கொண்டு போய் நடுக்கூடத்துல பிள்ளையை உட்கார வச்சோம். சிங்காரவேலு வாசல்ல தார்ப்பாயை மடிக்கிறேன்னு ரொம்ப நேரமா மடிச்சுக்கிட்டே இருந்தான். டீச்சர் சுவத்துல சாய்ஞ்சு உட்கார்ந்துட்டாங்க. தனக்கொடி வாசப்படிக்கு வெளியில சேத்துக் காலோட நின்னுக்கிட்டு, "சாப்பிட்டியா நீ?"ன்னு கேட்டா.

"மத்தியானமே சாப்பிடல," அப்படின்னுச்சு நிகல்யா.

"கையைக் கழுவிட்டு வா, சோறு போடுறேன்"னு பழக்கத்துல சொல்லிட்டா. சொல்லிட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டா. நிகல்யா பச்சைக் கையை விரிச்சுப் பார்த்துச்சு.

தனக்கொடி தவலைத் தண்ணியில காலைக் கழுவிக்கிட்டு, கையைக் கழுவிக்கிட்டு, உள்ள வந்து தட்டுல சோத்தைப் போட்டுக் குழம்பை ஊத்திப் பிசைஞ்சா. எதிர்ல உட்கார்ந்து ஒரு உருண்டை எடுத்து, "ஆ காட்டு"ன்னா. நிகல்யா அவளைப் பார்த்துச்சு, தட்டைப் பார்த்துச்சு, அப்புறம் வாயைத் தொறந்துச்சு. விரல் கன்னத்துப் பச்சையில படாம, முழங்கையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு தனக்கொடி ஒவ்வொரு உருண்டையா ஊட்டுனா, நிகல்யா ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டு, தட்டு காலியாவுற வரைக்கும் வாங்கிச் சாப்பிட்டுச்சு.